அடைக்கலம் தேடி வந்த மீன்கள்

அடைக்கலம் என்று வாசலில் வந்து நின்றவரைக் கைவிடலாகாது என்பது நாம் வழிவழியாகப் போற்றிவரும் அறம். வந்தவர் யார், எவர் என்று கேட்பதற்கு முன்பே கதவைத் திறப்பதைப் பெருமையாகக் கருதும் மரபு நம்முடையது. ஆனால் அவ்வாறு வந்து நிற்பது நாம் உண்ணும் உணவாகவே இருந்தால் என்ன செய்வது? கைக்கெட்டும் தொலைவில், வேறு போக்கிடமின்றி அது ஒதுங்கியிருந்தால், அதை எடுப்பது முறையா? எடுக்கலாம் என்றால் எவ்வளவு எடுக்கலாம்?

விளையாட்டான கேள்வி என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்க நாட்டின் வடபகுதியில், மிசிசிப்பி ஆற்றின் கரையோர ஊர்களில், ஒவ்வொரு பனிக்காலத்திலும் எளிய மக்கள் பலர் இக்கேள்வியின் மேலேயே அமர்ந்து தூண்டில் போடுகின்றனர். இது வெறும் உவமை அன்று. உறைந்த ஆற்றின் பனிக்கட்டியே அவர்களின் இருக்கை. அதற்குக் கீழேதான் அடைக்கலம் தேடி வந்த மீன்கள் அசையாமல் நிற்கின்றன.

உறைந்த ஆறு

மின்னசோட்டா மாநிலத்தின் இட்டாஸ்கா ஏரியில் சிற்றோடையாகப் பிறக்கும் மிசிசிப்பி, தெற்கே இறங்கி வந்து மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் எல்லையாக ஓடுகிறது. வைனோனா, லா கிராஸ் முதலிய ஊர்கள் அங்கே அதன் கரையில் அமைந்துள்ளன. இருபுறமும் செங்குத்தான குன்றுகள். நடுவே சில கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தாக்கு. அதில் ஆறு ஒரே நீரோட்டமாகச் செல்வதில்லை. தீவுகளையும் சதுப்புகளையும் சுற்றிக்கொண்டு பல கிளைகளாகப் பிரிகிறது. முதன்மை ஓட்டத்திலிருந்து ஒதுங்கி, ஏறக்குறைய அசைவின்றிக் கிடக்கும் நீர்ப்பரப்புகள் அங்கே ஏராளம். அவற்றை ஒதுக்குநீர் என்று அழைப்போம். நம் கடலோரக் கழிகளைப்போல அவை உப்பேறியவை அல்ல. முழுவதும் ஆற்றின் நன்னீரே.

சனவரி மாதத்தில் அங்கே குளிர் சுழிக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ்வரை இறங்குவது அரிதன்று. ஓட்டமில்லாத ஒதுக்குநீரே முதலில் உறையும். 4 அங்குலத் தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டி, நடந்து செல்லும் ஓர் ஆளைத் தாங்கும் என்பது அங்குள்ள அரசுத் துறையினர் கூறும் பொது அளவு. ஆயினும் ஆற்றுப் பனிக்கட்டியை எவரும் முழுவதும் நம்புவதில்லை. அடியில் நீரோட்டம் உள்ள இடத்தில், இங்கே தடித்திருக்கும் பனிக்கட்டி பத்தடி தள்ளி மெலிந்திருக்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் கையில் கடப்பாறை போன்ற இரும்புக் கோலை வைத்துக்கொண்டு, தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்தே அடியெடுத்து வைக்கின்றனர். தவறி உள்ளே விழுந்தால் பனிக்கட்டியில் குத்தி ஏறுவதற்காக, கூரிய முனையுள்ள இரு கைப்பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்கின்றனர்.

அவர்கள் கொண்டு செல்லும் பொருள்கள் சிலவே. இழுத்துச் செல்லும் சறுக்கு வண்டியில் ஒரு வாளி. பனிக்கட்டியைத் துளைக்கும் பெரிய திருகு. துளையில் மிதக்கும் பனித் துணுக்குகளை அரித்தெடுக்க ஒரு கரண்டி. முழ நீளத்தில் ஒரு தூண்டிற்கோல். மயிரிழை போன்ற நரம்பு. அரிசியளவு ஈயம் பொருத்திய கொக்கி. அதில் குத்துவதற்குப் புழு. சாண் அகலத்தில் துளையிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்துவிட்டால் வேலை தொடங்கிவிடும். உள்ளங்கை அகலமுள்ள புளூகில் மீனும், கிராப்பியும், மஞ்சள் பெர்ச்சும் அவ்வாறு கிடைப்பவை. நீண்ட பைக் மீனுக்கென, இரை இழுபட்டதும் சிறு கொடி எழும் பொறியைத் துளையின்மேல் வைத்துவிட்டுக் காத்திருப்போரும் உண்டு. இன்று மின்கலத்தில் இயங்கும் துளைப்பானும், அடியில் மீன் நிற்பதைக் காட்டும் ஒலியலைக் கருவியும் வந்துவிட்டன.

இது ஐரோப்பியர் அந்நாட்டுக்குக் கொண்டுவந்த பழக்கம் என்று எண்ணவேண்டாம். ஒஜிப்வே முதலிய தொல்குடி மக்கள், பனிக்கட்டியில் துளையிட்டு, மரத்தில் செதுக்கிய பொய்மீனை நீருக்குள் ஆட்டி, அதை நெருங்கி வரும் மீனை ஈட்டியால் குத்திப் பிடித்து வந்தனர். கடுங்குளிரில் அது உயிர் காத்த உணவு. ஆகவே பனிக்காலத்தில் மீன் பிடிப்பதே குற்றம் என்று வெப்பநாட்டில் அமர்ந்துகொண்டு நாம் தீர்ப்பளிக்க முடியாது. கேள்வி அதைவிட நுண்ணியது.

மீன் ஏன் அங்கு வருகிறது?

நீர் 4 டிகிரியில் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. அதற்கும் மேலாகக் குளிர்ந்தால் இலேசாகி மேலெழுகிறது. அதனால்தான் நீர்நிலைகள் மேலிருந்து உறைகின்றன. அடியில் சற்றே வெப்பமான நீர் தங்குகிறது. பனிக்கட்டியே ஒரு போர்வையாகி, கீழே உள்ள உயிர்களைக் காக்கிறது. இந்த ஒரு நியதி மாறியிருந்தால் குளிர்நாடுகளின் நீர்நிலைகளில் மீன் என்ற ஒன்றே இராது.

ஆனால் ஓடும் நீரில் இந்த அடுக்கு நிலைப்பதில்லை. மேலும் கீழும் கலந்து, முதன்மை ஓட்டம் முழுவதும் உறைநிலையை ஒட்டியே இருக்கும். அந்தக் குளிரில், ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் வலிமை புளூகில் போன்ற சிறுமீனுக்கு இல்லை. ஓரிரு டிகிரி வெப்பம் கூடுதலாகவும் ஓட்டம் மிகக் குறைவாகவும் உள்ள ஒதுக்குநீரே அதற்குப் போக்கிடம். அங்கும் ஓர் இடர் காத்திருக்கிறது. பனிக்கட்டியின்மேல் வெண்பனி தடித்துப் படிந்தால் வெளிச்சம் உள்ளே புகாது. நீர்த்தாவரங்கள் உயிர்வளியை வெளியிடா. மட்கும் தழைகளோ இருப்பதையும் உறிஞ்சிவிடும். ஆழமற்ற இடத்தில் மீன்கள் மூச்சுத் திணறி மடியும். ஆக, ஆழம் வேண்டும், வேகம் கூடாது, உயிர்வளியைக் கொண்டுவரும் அளவான நீர்வரத்தும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த மடுக்கள் குறைவு. ஆறெங்கும் பரந்து திரிந்த மீன்கள், இலையுதிர் காலத்தில் அந்தச் சில மடுக்களை நாடி வந்து, பனி உருகும்வரை அங்கேயே தங்குகின்றன.

கோடையில் தூண்டில்காரர் மீனைத் தேடிப் போகிறார். மீனுக்கு ஓட ஆறு முழுவதும் இடமிருக்கிறது. பனிக்காலத்திலோ மீன் அவருடைய வீட்டருகே வந்து ஒண்டியிருக்கிறது. எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதற்கு வேறு போக்கிடம் இல்லை. பிடிப்பவர் அவரே, தூண்டிலும் அதுவே, மீனும் அதுவே. ஆனால் இருவருக்கும் இடையிலுள்ள உறவு மாறிவிட்டது. வலிமையில் மிக ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில், வலியவன் மீது கூடுதல் கடமை விழுகிறது என்பதை மனிதருக்கிடையில் நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். மனிதனுக்கும் மற்ற உயிருக்கும் இடையில் மட்டும் அந்த விதி செல்லாதா?

புகலிடம் என்னும் பெயர்

இந்த ஆற்றங்கரை மக்கள் இக்கேள்விக்குத் தங்கள் வரலாற்றில் ஒரு விடை எழுதியுள்ளனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளம் வடிந்தபின் குட்டைகளில் சிக்கிக்கொள்ளும் மீன்களை வலையிட்டு அள்ளி, மீண்டும் ஆற்றில் விடும் பணியை அந்நாட்டு அரசின் மீன்துறை நடத்தி வந்தது. விட்டிருந்தால் குட்டை வற்றி, அல்லது உறைந்து, மடிந்திருக்கக்கூடிய இலட்சக்கணக்கான மீன்கள் அவ்வாறு ஆற்றுக்குத் திரும்பின. எளிதாகப் பிடிக்க முடிந்த மீனை எடுத்துச் செல்லாமல் காப்பாற்றி அனுப்பிய காலம் அது.

1923ஆம் ஆண்டில், வினஷீக் தாழ்நிலம் என்னும் பெரிய சதுப்புப் பகுதியின் நீரை வடித்து வேளாண் நிலமாக்கும் திட்டம் எழுந்தது. அதை எதிர்த்து முன்னின்றவர் வில் டில்க் என்பவர். அவர் தலைமையேற்றிருந்த ஐசக் வால்டன் கழகம் தூண்டில்காரர்கள் கூடித் தொடங்கிய அமைப்பு. அவர்கள் முயற்சியின் பயனாக, 1924ஆம் ஆண்டு அமெரிக்கப் பேராயம் ஒரு சட்டம் இயற்றி, மின்னசோட்டா, விஸ்கான்சின், அயோவா, இல்லினாய் ஆகிய நான்கு மாநிலங்களின் ஊடாக ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் ஆற்றுவெளியைக் காப்பிடமாக்கியது. அதன் பெயரில் வனவிலங்குகளோடு மீனுக்கும் இடமளித்து, 'புகலிடம்' என்றே சட்டம் குறிப்பிட்டது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். மீனுக்குப் புகலிடம் கேட்டவர்கள் மீன் பிடிப்பவர்கள். புகலிடம் அமைந்தபின்பும் அங்கே தூண்டில் போட அனுமதி உண்டு. இது முரண்பாடு அல்லவா என்று ஒருவர் நகைக்கலாம். ஆயினும் அதில் ஓர் ஆழ்ந்த பொருள் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. எதை உண்கிறோமோ அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். உண்பவனே காவலனாகவும் இருக்கவேண்டும். காவலன் என்னும் பொறுப்பை மறந்து உண்பவனாக மட்டுமே இருக்கத் தொடங்கும்போது, புகலிடம் என்ற பெயர் வெறும் பலகையெழுத்தாகிவிடுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1930ஆம் ஆண்டு, 9 அடி ஆழமுள்ள கப்பல் வழிக்குப் பேராயம் ஒப்புதல் அளித்தது. அப்பத்தாண்டில் ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைகள் எழுந்தன. ஒவ்வோர் அணைக்கு மேலும் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கி, ஒதுக்குநீர்ப் பரப்பு பெருகியது. லா கிராசுக்கு அருகிலுள்ள ஒனலாஸ்கா ஏரி 1937ஆம் ஆண்டில் அவ்வாறு உருவானதே. ஆனால் அதே அணைகள் ஆற்றின் வேகத்தைத் தணித்ததால், மேட்டுநில வயல்களிலிருந்து கரைந்து வரும் மண் ஒதுக்குநீரில் படிந்து வருகிறது. ஆழமான மடுக்கள் ஆண்டுதோறும் மேடாகின்றன. 1986ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், தூர்ந்த ஒதுக்குநீர்களைத் தோண்டி ஆழப்படுத்தியும், அலையைத் தடுக்கத் தீவுகள் அமைத்தும் வந்துள்ளனர். மனிதன் அறியாமல் கட்டிய அறைகளை மனிதனே அறியாமல் தூர்த்து, இப்போது அறிந்தே தோண்டிக்கொடுக்கிறான். அடைக்கலம் தருவது ஒரு நாள் வேலை அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

'போதும்' என்று எப்போது சொல்வது?

அங்கே சட்டம் இல்லாமல் இல்லை. ஒருவர் ஒரு நாளில் பிடித்துச் செல்லக்கூடிய மீனுக்கு வரம்பு உண்டு. விஸ்கான்சினும் மின்னசோட்டாவும் பங்கிட்டுக்கொள்ளும் ஆற்றுப்பகுதியில் புளூகில் முதலிய சூரிய மீன், கிராப்பி, மஞ்சள் பெர்ச் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 25 என்றிருந்த நாள்வரம்பு, 2020ஆம் ஆண்டில் 15 ஆகக் குறைக்கப்பட்டது. 2019 சனவரியில் 25 புளூகில் பிடித்தவர் சட்டத்தை மதித்த குடிமகன். 2021 சனவரியில் அதே மடுவில் அதே 25 பிடித்தவர் குற்றவாளி. அப்படியானால் அறம் அந்த எண்ணில் இல்லை. எண், சமுதாயம் ஒன்றுசேர்ந்து எழுப்பிய கடைசிச் சுவர். சுவரை முட்டும்வரை நடக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று: இவ்வாறு தூண்டிலில் பிடித்த மீனை விற்பது அங்கே குற்றம். ஆகவே பொருளாசை என்று இதைச் சொல்ல முடியாது. பிடிப்போரில் பெரும்பாலோர் பசியால் வாடுபவரும் அல்லர். அப்படியிருந்தும் வரம்பு நிறையும்வரை கை ஓய மறுக்கிறது. இரண்டு வேளைக்கு வேண்டியது வாளியில் சேர்ந்துவிட்டது. மீன் இன்னும் கடிக்கிறது. கடிக்கும்வரை போடுவோம் என்று மனம் சொல்கிறது. எஞ்சியவை உறைபெட்டிக்குள் செல்கின்றன. மறந்துபோய், அடுத்த ஆண்டு குப்பைக்குப் போவனவும் உண்டு. பசியும் இலாபமும் இல்லாத இடத்தில்தான் பேராசையின் உண்மை முகம் தெரிகிறது. கிடைக்கிறது என்பதே அங்கே எடுப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. நம் வீட்டு அலமாரிகளைத் திறந்து பார்த்தால், இந்த முகம் நமக்கு அயலானதன்று என்பது விளங்கும்.

மறுப்புக் கூறுவோர் இருக்கிறார்கள். அவர்களின் சொல்லையும் கேட்கவேண்டும். புளூகில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இனம்; சிலவற்றை எடுப்பதால் குறைந்துவிடாது என்பர். எண்ணிக்கையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் எடுப்பவர் கண் பெரிய மீனையே நாடுகிறது. அந்த இனத்தில் கூட்டைக் காத்து, துடுப்பால் விசிறி, முட்டைகளைப் பேணுவது ஆண்மீன். பெரிய ஆண்களே சிறந்த காவலர். அவை தொடர்ந்து அகற்றப்பட்டால், இளைய ஆண்கள் வளர்வதை விட்டு இளமையிலேயே இனப்பெருக்கத்தில் இறங்குகின்றன என்றும், நாளடைவில் அந்நீர்நிலையில் சிறுத்த மீன்களே எஞ்சுகின்றன என்றும் மீனியலார் கண்டுள்ளனர். மடு நிறைய மீன் இருக்கும். ஆனால் ஒன்றும் உள்ளங்கையை நிறைக்காது. இதையறிந்த தூண்டில்காரர் சிலர் பெரியவற்றை விட்டுவிட்டு நடுத்தர மீனையே உணவுக்கு எடுக்கின்றனர். 

'நான் விட்டால் பக்கத்துத் துளைக்காரன் எடுப்பான்' என்பது இரண்டாவது மறுப்பு. உலகின் எல்லாப் பொதுச்சொத்தும் இந்த ஒரு வாக்கியத்தால்தான் அழிந்திருக்கிறது. இதற்குக் கணக்கில் விடை இல்லை. ஆனால் ஒதுக்குநீரின் பனிக்கட்டியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்கின்றனர். பேராசை எவ்வாறு தொற்றுகிறதோ, நிறைவும் அவ்வாறே தொற்றும். ஒருவர் பாதி வாளியோடு எழுந்து போவதைப் பக்கத்துத் துளைக்காரர் பார்க்கத்தான் செய்கிறார்.

இங்கே ஒரு சிறு உண்மை நமக்குப் பெரும் பாடமாகிறது. கடுங்குளிரில் பனிக்கட்டியின்மேல் எடுத்துப் போட்ட மீனின் கண்களும் செவுள்களும் சிறிது நேரத்தில் உறைந்துவிடும். பிறகு மனம் மாறித் துளைக்குள் விட்டாலும் அது பிழைப்பது அரிது. ஆகவே 'போதும்' என்பதை, அள்ளிக் குவித்தபின் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து புறப்படும்போதே அந்தச் சொல்லையும் எடுத்துச் செல்லவேண்டும். 

அண்மை தரும் பேறு

பெரிய மீன்களை நாடி வடக்கே நெடுந்தொலைவிலுள்ள பெரிய ஏரிகளுக்குச் செல்வோரும் அந்நாட்டில் பலர். வண்டிக்கு எரிபொருள், தங்கும் அறை, வாடகைக் குடில் என்று செலவழித்துப் போனவருக்கு, வெறுங்கையோடு திரும்ப மனம் வராது. செலவை ஈடுகட்டவேண்டும் என்ற எண்ணம் தூண்டிலைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டருகே உள்ள ஒதுக்குநீருக்கு நடந்து சென்றவருக்கு அந்த நெருக்கடி இல்லை. இன்று கிடைக்காவிட்டால் நாளை வரலாம். நாளை வரலாம் என்பவனாலேயே இன்று நிறுத்த முடியும். அண்மை, நிறைவைக் கற்பிக்கும் பள்ளி.

அதே அண்மை ஒரு சோதனையும்கூட. நாள்வரம்பு நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. வீட்டில் சேர்த்து வைப்பதற்கும் வரம்பு உண்டு. ஆயினும் உண்டு முடித்தும் பகிர்ந்து கொடுத்தும் நாள்தோறும் செல்பவர், ஒரே மடுவைப் பனிக்காலம் முழுவதும் அரித்தெடுக்க முடியும். பக்கத்தில் இருப்பது நம்முடையது என்ற மயக்கம் எளிதில் வந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பதால் அது நமக்கு உரிமையாகிறதா, அல்லது நாம் அதற்குப் பொறுப்பாகிறோமா? இந்த இரண்டில் எதைத் தேர்கிறோம் என்பதில்தான் அயலான் யார் என்னும் பழைய கேள்வியும் அடங்கியிருக்கிறது.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. செருமனியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறிய கத்தோலிக்கர் விஸ்கான்சினில் வேரூன்றியவர்கள். வெள்ளிக்கிழமையில் புலால் தவிர்க்கும் அவர்களின் ஒழுக்கத்திலிருந்தே, இன்று அம்மாநிலமெங்கும் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை வறுத்த மீன் விருந்து வளர்ந்தது. பனிக்கட்டி உருகத் தொடங்கும் காலமும் தவக்காலமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தழுவியே வருகின்றன. உணவகங்களில் பரிமாறுவது வேறு இடங்களிலிருந்து வரும் மீன். வீடுகளிலோ மடுவில் பிடித்ததும் வாணலிக்கு வரும். ஒறுத்தலுக்கென ஏற்பட்ட நாளில், தட்டு நிரம்பி வழியும் அளவுக்கு மீன் வறுத்து உண்டால், அங்கே ஒறுக்கப்பட்டது எது? இறைச்சியை விலக்கி ஆசையை வைத்துக்கொண்டோம் என்பதன்றி வேறில்லை. இது அவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று.

உருகும் தரை

2023–24ஆம் ஆண்டுப் பனிக்காலம் மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் பதிவேடுகள் கண்டவற்றுள் மிக வெப்பமானது. பல இடங்களில் பனிக்கட்டி நடக்கும் அளவுக்குத் தடிக்கவில்லை. பனிக்கட்டி மீன்பிடிப் போட்டிகள் பல கைவிடப்பட்டன. தலைமுறைகளாக உறுதியென்று நம்பி நின்ற தரையே உறுதியற்றது என்று அம்மக்கள் உணர்ந்தனர். வீட்டருகே இருப்பது என்றும் இருக்கும் என்ற நினைப்பு எவ்வளவு மெலிந்த பனிக்கட்டி என்பதை அந்த ஓர் ஆண்டு உணர்த்தியிருக்கும்.

நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். அடைக்கலம் தேடி வந்த மீனைப் பிடிக்கலாமா? உணவுக்குப் பிடிக்கலாம் என்றே நாம் கருதுகிறோம். உண்ணாமல் வாழும் உயிரில்லை. ஆனால் அந்த மடுவுக்கு மீன் எதற்காக வந்தது என்பதை அறிந்த பிறகு, அறியாதவனைப்போல எடுக்க முடியாது. தேவைக்கு எடுத்து எழுவதும், பெரியவற்றை விட்டுவைப்பதும், மடு தூர்ந்துபோகாமல் காக்கும் முயற்சியில் தோள்கொடுப்பதும் அந்த அறிவு சுமத்தும் கடன்கள்.

ஒரு முதியவரையும் அவருடைய பேரனையும் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். பிற்பகல் வெயில் குன்றின் பின்னே சாய்கிறது. வாளியில் ஏழெட்டு மீன்கள். சிறுவனின் நரம்பு மீண்டும் துடிக்கிறது. முதியவரோ தம் தூண்டிலைச் சுருட்டத் தொடங்குகிறார்.

"தாத்தா, இப்போதுதானே நன்றாகக் கடிக்கிறது?"

"கடிக்கட்டும். வீட்டில் நாம் நான்கு பேர்தானே இருக்கிறோம்?"

சிறுவன் வாளிக்குள் எட்டிப் பார்த்து எண்ணுகிறான். அவன் எண்ணி முடிக்கும்வரை முதியவர் காத்திருக்கிறார்.